படம் வரையும் வேலையும் கைப்பிள்ளையும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. குழுக் கூட்டத்தில் வாய் ஓயாமல் பேசுவேன்னு எங்க ஊக்குநர் சொல்லுவாங்க, ஆனா அங்கே பதினாலு பேர்தான். நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். அதனால் எழுதி வச்சுக்கிட்டு வந்திருக்கேன், பார்த்துப் படிச்சா யாரும் சிரிக்கக் கூடாது.

போன வாரம் தலைவி அக்கா கூப்பிட்டு, "நீ வீட்டில் இருந்துக்கிட்டே படம் வரைஞ்சு சம்பாதிக்கிறியே, ரெண்டு சின்னப் பிள்ளைகளை வச்சுக்கிட்டு எப்படி முடியுது? அதைப் பேசு" என்றார்கள். "முடியிறதை மட்டும் பேசவா, முடியாததையும் பேசவா?" என்று கேட்டேன். "ரெண்டையும் பேசு" என்றார்கள். அதனால் ரெண்டையும் பேசுறேன்.

என்ன வேலைன்னு பக்கத்துக் குக்கிராமத்தில் இருந்து வந்தவங்களுக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு இப்ப எல்லாரும் ஆரி வேலை பிளவுஸ் போடுறோம். முதுகுப் பக்கம் மயில், கையில் மாங்காய், ஓரத்தில் கொடி, சில பேருக்குக் கோபுரம், பல்லக்கு. அந்த மயிலும் பல்லக்கும் துணியில் தானாக வராது. ஆரி போடும் அக்கா ஊசியால் இழுக்கிறதுக்கு முன்னாடி ஒருத்தர் அதைத் தாளில் வரைஞ்சு கொடுக்கணும். பிளவுஸ் அளவு சொல்லிடுவாங்க. கழுத்து எவ்வளவு இறக்கம், கை எத்தனை இஞ்ச், பட்டை எவ்வளவு அகலம். அந்த அளவுக்குள் டிசைன் அடங்கணும். ட்ரேஸ் பேப்பரில் பாதி வரைஞ்சு, மடிச்சு, மறுபாதியை எடுக்கணும். இடது கைக்கும் வலது கைக்கும் மயில் எதிரெதிராகப் பார்க்கணும், ஒண்ணு மாறினா மணப்பெண் மேடையில் நிக்கும்போது ரெண்டு மயிலும் ஒரே பக்கம் போகும். வரைஞ்ச கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகக் குத்தி ஓட்டை போட்டுத் தரணும். கடையில் அந்தத் தாளைத் துணி மேல் விரிச்சுப் பவுடர் கலவையைத் தேய்ச்சா கோடு புள்ளி புள்ளியா இறங்கும். கும்பகோணத்தில் மூணு கடைக்கு இதைச் செய்து கொடுக்கிறேன். 2021-ல் இருந்து சாதா டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் இல்லை, அதனால் கொண்டுபோய்க் கொடுக்கிற செலவு மிச்சம்.

இன்னொரு வேலை சார்ட். 2022-ல் அரசுப் பள்ளிகளில் ஒண்ணு முதல் மூணாவது வரைக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அதுக்கு டீச்சர்களுக்குப் படங்கள், அட்டைகள், முகமூடிகள் என்று நிறைய வேணும். எல்லா டீச்சருக்கும் வரைய வராது, வந்தாலும் நேரம் இருக்காது. பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் ஆடு, மாடு, பழம், வண்டி, கடிகாரம் என்று இரவும் பகலும் வரைவேன். கல்லூரிப் பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டு வரைஞ்சு கொடுங்கன்னு கேட்டு வருவாங்க. நல்ல காசு. அதை மட்டும் வாங்குறது இல்லை. தவளையைப் பார்த்து அந்தப் பிள்ளை வரையணும், நான் வரைஞ்சா நான்தான் தவளையைத் தெரிஞ்சுக்கிறேன்.

எனக்கு யாரும் வரையச் சொல்லிக் கொடுக்கலை. மார்கழிக் கோலம்தான் பள்ளிக்கூடம். பதினைந்து புள்ளிக் கோலத்தில் ஒரு பக்கம் போட்டதை மறுபக்கம் பிசகாமல் போடத் தெரிஞ்சவளுக்கு ஆரி டிசைன் கஷ்டமே இல்லை. இங்கே இருக்கிறவங்களில் பாதிப் பேருக்கு அந்தக் கை இருக்கு. நம்ம கும்பகோணத்துப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் படிச்ச ஓவியர் இளையராஜா, அடுப்படியில் உட்கார்ந்திருக்கிற பெண்ணையும் வாசலில் நிக்கிற பெண்ணையும் போட்டோ எடுத்த மாதிரி வரைஞ்சார். 2021-ல் கொரோனாவில் போய்ச் சேர்ந்தார். பத்திரிகையில் வந்த அவர் படம் ஒண்ணை வெட்டி வச்சிருக்கேன். அந்தச் சேலை மடிப்பைப் பார்த்துப் பார்த்துப் போட்டுத்தான் பென்சிலில் நிழல் விழ வைக்கப் பழகினேன்.

சரி, பிள்ளைகள் விஷயத்துக்கு வர்றேன். மூத்தவளுக்கு ஏழு வயசு, ரெண்டாவது படிக்கிறா. சின்னவனுக்கு ரெண்டரை. என் வீட்டுக்காரர் கொத்தனார், காலையில் ஏழு மணிக்குப் போனா சாயங்காலம்தான். அத்தை நடவுக்கும் களை எடுக்கவும் போவாங்க. அவங்க வீட்டில் இருந்து பிள்ளையைப் பார்த்தா எனக்கு ஒத்தாசைதான், ஆனா அவங்க கூலி போயிடும். அவங்களுக்கும் கையில் நாலு காசு வேணும்தானே. அதனால் நான் கேட்கிறது இல்லை.

வீட்டில் இருந்து வேலை பார்க்கிறவளைப் பற்றி ஊரில் ஒரு நினைப்பு இருக்கு. பிள்ளை ஒரு பக்கம் விளையாடும், இவ ஒரு பக்கம் வரைவா, பாட்டு ஒரு பக்கம் பாடும் என்று. ரெண்டு வயசுப் பிள்ளை இருக்கிற வீட்டில் அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததே இல்லை. பென்சிலை எடுத்தாத்தான் அவனுக்கு மடி ஞாபகம் வரும்.

போன ஆவணியில் ஒரு மாசம் நோட்டுப் போட்டு எழுதினேன். குழுக் கணக்கு எழுதின பழக்கம். ஒரு கல்யாண பிளவுஸ், முதுகில் ரெண்டு மயில். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்தா அது ரெண்டு மணி நேர வேலை. அதே அளவு வேலையைப் பகலில் சின்னவனை வச்சுக்கிட்டு செய்தேன். பத்து மணிக்கு ஆரம்பிச்சது மூணேகாலுக்கு முடிஞ்சது. நடுவில் பதினாலு தடவை எழுந்திருக்கேன். தண்ணி, ஒண்ணுக்கு, பசி, கோழி உள்ளே வந்தது, கோழியைத் துரத்திக்கிட்டு இவன் வெளியே போனது, விழுந்தது, விழுந்த இடத்தைக் கோழிக்குக் காட்டியது. எல்லாம் நோட்டில் இருக்கு.

அந்த நோட்டைப் பார்த்துத்தான் வேலையைப் பிரிச்சேன். புதுசா டிசைன் யோசிக்கிறது, மயில் முகம், கண், மடிச்சு எடுக்கிற கோடு, இதெல்லாம் விடியற்காலை வேலை. இடையில் எழுந்தா கோடு எங்கே விட்டோம்னு கை மறந்துடும். சார்ட்டுக்கு வண்ணம் அடிக்கிறது, எழுத்துக்கு வெளிக்கோடு போடுறது, அட்டை வெட்டி அடுக்கிறது, இதெல்லாம் பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது செய்யலாம். பத்து தடவை எழுந்தாலும் கெட்டுப்போகாது. அவனுக்கும் ஒரு வேலை கொடுத்துடுவேன். பாழான தாளின் பின்பக்கம், மெழுகு கிரேயான் ரெண்டு. கொல்லைச் சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கரி பூசி விட்டிருக்கோம், அது அவனோட கரும்பலகை. சாக்பீஸைத் தின்னாமல் இருந்தா எழுதுவான்.

போனைக் கையில் கொடுத்து உட்கார வச்சா ரெண்டு மணி நேரம் அசையமாட்டான்னு சொல்றாங்க. உண்மைதான், அசையமாட்டான். ஒரு வயசுப் பிள்ளைக்குத் திரையே காட்டாதீங்க, ரெண்டில் இருந்து நாலு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கு. நான் படிச்சவ இல்லை, ஆனா இதைச் சொல்ல டாக்டர் வேணாம். போனைப் பிடுங்கும்போது அவன் போடுற கூச்சலில் அந்த ரெண்டு மணி நேரமும் திரும்பப் போயிடும்.

ஊசி வேலை மட்டும் பிள்ளைகள் தூங்கின பிறகுதான். நாலே ஊசி. எடுக்கும்போது எண்ணுவேன், வைக்கும்போது எண்ணி டப்பாவைப் பரணில் போடுவேன். ஒண்ணு குறைஞ்சா அது கிடைக்கிற வரைக்கும் யாரும் கீழே கால் வைக்க முடியாது.

இங்கே ஆரி போடுற அக்காக்கள் ஏழெட்டுப் பேர் இருக்கீங்க, உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். தாளை வச்சுத் தேய்க்கிற கலவைக்கு ஜிங்க் பவுடரும் மண்ணெண்ணெயும் சேர்க்கிறோம். அந்த மண்ணெண்ணெயைப் பழைய குளிர்பான பாட்டிலில் ஊத்தி மேசைக்குக் கீழே வைக்காதீங்க. பிள்ளைக்கு அது தண்ணி பாட்டில்தான். அப்படி ஒரு பிள்ளை குடிச்சுட்டா வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உப்புத் தண்ணி கொடுக்கிறது, தொண்டையில் விரலை விடுறது எதுவும் கூடாது. வாந்தி வரும்போது அது மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குப் போயிடும், அதுதான் ஆபத்து. உடனே 108-க்குக் கூப்பிடணும். தேய்க்கிற வேலையையும் சேர்த்து செய்து கொடுத்தா ஒரு பிளவுஸுக்கு 50 ரூபாய் கூடத் தர்றேன்னு கடையில் கேட்டாங்க. பிள்ளை வளர்ற வரைக்கும் அந்த பாட்டில் என் வீட்டு வாசப்படி ஏறாதுன்னு சொல்லிட்டேன்.

வரையிற மேசை வாங்கின கதையைக் கட்டாயம் சொல்லணும், எங்க குழு அக்காக்கள் இங்கேதான் இருக்காங்க. முன்னாடி தரையில் உட்கார்ந்துதான் வரைவேன். தரையில் தாளை விரிச்சா தாள் பிள்ளைக்குத்தான் சொந்தம். ஒரு தடவை டீச்சருக்கு முடிச்சு வச்சிருந்த பன்னிரண்டு மாதப் படத்தில் ஐப்பசியும் கார்த்திகையும் கிழிஞ்சு போச்சு. நின்னுக்கிட்டே வரையிற உயரத்தில் ஒரு மேசை, மேலே கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே எல்.இ.டி. விளக்கு. அப்படி இருந்தா பிள்ளைக்கும் எட்டாது, மறுபாதி எடுக்கிறதும் சுலபம். தச்சர் 9,500 ரூபாய் சொன்னார். குழுவில் 10,000 கடன் கேட்டேன்.

அன்னைக்குக் கூட்டம் ஒன்றரை மணி நேரம் நடந்தது. "மாடு வாங்கினா பால் கறக்கும். மேசை என்னத்தைக் கறக்கும்?" என்று ஒரு அக்கா கேட்டார்கள். இன்னொருத்தர், "படம் போடுறது பொழுதுபோக்கு, அதுக்குப் பொதுப் பணத்தைக் கொடுக்கலாமா?" என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது, ஆனா கேள்வி நியாயமான கேள்வி. அது எல்லாரும் வாரா வாரம் போட்ட சந்தா. நான் வீட்டுக்கு ஓடிப்போய் ஆர்டர் நோட்டைக் கொண்டுவந்தேன். ஆறு மாசத்தில் யார் யாருக்கு என்ன வரைஞ்சேன், எவ்வளவு வந்தது, எத்தனை ஆர்டரை நேரம் இல்லாமல் திருப்பி அனுப்பினேன், எல்லாம் அதில் இருந்தது. திருப்பி அனுப்பின ஆர்டர் மட்டும் பதினொண்ணு. அதைப் பார்த்ததும் மாட்டு அக்காதான் முதலில் கையெழுத்துப் போட்டார்கள். நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டி, பத்து தவணை. ஒன்பது மாசத்தில் கட்டி முடிச்சேன். கடன் பதிவேட்டில் நோக்கம் என்ற இடத்தில் எங்க ஊக்குநர் "ஓவியத் தொழில்" என்று எழுதினார்கள். என் வேலைக்குத் தொழில்னு ஒரு பேரை நான் எழுத்தில் பார்த்தது அன்னைக்குத்தான்.

நின்னுக்கிட்டே வரைஞ்சா கால் வலிக்குது, அதையும் சொல்லிடுறேன். ஒரு காலை மாத்தி மாத்திச் செங்கல் மேல் வச்சுக்கிறேன்.

கூலி விஷயத்துக்கு வருவோம். ஒரு பிளவுஸ் டிசைனுக்கு முதலில் 80 ரூபாய் வாங்கினேன். நோட்டுப் போட்ட பிறகு 150 கேட்டேன், கல்யாண டிசைனுக்கு 400. ஒரு கடைக்காரர், "வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில்தானே வரையிறீங்க?" என்று கேட்டார். சும்மா இருக்கிற நேரம் எதுன்னு அவர்கிட்டயே கேட்டேன். காலை நாலு மணியா? பதில் வரலை. அந்தக் கடை போயிடுச்சு. அந்த மாசம் 1,200 ரூபாய் குறைஞ்சது, மனசு கஷ்டமாத்தான் இருந்தது. மத்த ரெண்டு கடையும் கொடுத்தாங்க, அப்புறம் புதுசா ஒண்ணு சேர்ந்தது.

இன்னொரு விஷயம் நம்மில் பல பேருக்குத் தெரியாது. ஒரு தாளில் குத்தின டிசைனை ஒரு பிளவுஸுக்கு மட்டுமா தேய்ப்பாங்க? அதே தாள் இருபது பிளவுஸுக்கு வரும். நமக்குக் காசு ஒரு தடவைதான். அதனால் இப்ப ரெண்டு விலை வச்சிருக்கேன். தேய்ச்சுட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தா ஒரு விலை, கடையே வச்சுக்கிட்டா ரெண்டு மடங்கு. போனில் "மாதிரி அனுப்புங்க, பார்த்துட்டுச் சொல்றோம்" என்று கேட்டா, நடுவில் என் பேரைக் குறுக்கே எழுதித்தான் அனுப்புறேன். மாதிரியைப் பார்த்து வேறு ஆளிடம் வரைஞ்சுக்கிட்டவங்களும் உண்டு.

சொந்தக்காரங்களிடம்தான் கூலி கேட்க வாய் வராது. கல்யாணம்னா மணவறைக்கு முன்னாடி கோலம், வளைகாப்புன்னா தட்டில் படம், காதுகுத்துன்னா சுவரில் பிள்ளையார். "கோடு தானே, உனக்கு எவ்வளவு நேரமாகும்" என்பாங்க. அதே கல்யாணத்தில் சமையல்காரருக்கு முன்பணம் கொடுத்துத்தான் கூப்பிடுறாங்க. நம்ம கூட்டமைப்பு இந்த ஆண்டு மலருக்கு அட்டைப்படம் கேட்டப்போ, தலைவி அக்கா முதல் வார்த்தையே "என்ன கூலி?" என்றுதான் கேட்டார்கள். 600 ரூபாய் சொன்னேன், தீர்மானம் போட்டுக் கொடுத்தாங்க. இதை மலரில் போடச் சொல்லிக் கேட்டுக்கிறேன், நாலு பேர் படிக்கட்டும்.

இப்ப முடியாத பக்கத்துக்கு வர்றேன்.

மூத்தவ பள்ளிக்கூடம் போறதால் எனக்குக் காலை வேளை லேசாச்சு. 2023 ஆகஸ்டில் நம்ம டெல்டாவில் திருக்குவளையில்தான் காலை உணவுத் திட்டத்தை எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் விரிவாக்கி ஆரம்பிச்சு வச்சாங்க. அதுக்கப்புறம் எட்டு மணிக்கு இட்லி ஊட்டிக்கிட்டு நிக்கிற வேலை எனக்கு இல்லை. சமைக்கிறது நம்ம குழு அக்காக்கள்தான். அவங்க விடியறதுக்குள் பள்ளிக்கூடத்தில் அடுப்பு மூட்டுறாங்க, அவங்க வீட்டுக் கைப்பிள்ளையை அந்த நேரத்தில் யார் பார்க்கிறாங்கன்னு யாராவது கேட்டோமா? ரெண்டு வயசு முடிஞ்சா அங்கன்வாடி இருக்கு. சின்னவன் இப்ப அங்கேதான் போறான், மதியம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வர்றான். எனக்குப் பகலில் நிம்மதியாக மூணு மணி நேரம் கிடைக்குது.

ஆனா பிறந்ததில் இருந்து ரெண்டு வயசு வரைக்கும்? 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேணும்னு 2017-ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தினாங்க. 2005-ல் வந்த 100 நாள் வேலைச் சட்டத்தில், வேலை நடக்கிற இடத்துக்கு அஞ்சு அல்லது அதுக்கு மேல் சின்னப் பிள்ளைகள் வந்தா, அவங்களைப் பார்த்துக்க ஒரு பெண்ணை நிறுத்தி அவங்களுக்கும் கூலி கொடுக்கணும்னு எழுதியிருந்தாங்க. மண் வெட்டுற இடத்துக்கு அப்படி யோசிச்சிருக்காங்க. வீட்டுக்குள் உட்கார்ந்து ஆரி போடுறவ, தைக்கிறவ, பூக் கட்டுறவ, என்னை மாதிரி வரையிறவ, நமக்கு எந்தச் சட்டத்தில் இடம்? நமக்கு முதலாளி இல்லை, நாமேதான் முதலாளி. அப்ப நாமதான் யோசிக்கணும்.

யோசிச்சோம். போன தை மாசம் எங்க தெருவில் கைப்பிள்ளைக்காரங்க அஞ்சு பேர் சேர்ந்தோம். ரெண்டு பேர் தைக்கிறாங்க, ஒருத்தர் ஆரி, ஒருத்தர் பூக் கட்டுறாங்க, நான். காலை பத்தில் இருந்து பன்னிரண்டரை வரைக்கும் ஒரு ஆள் அஞ்சு பிள்ளைகளையும் பார்க்கிறது, மத்த நாலு பேர் வேலை பார்க்கிறது. முறை வச்சு மாறும். அப்ப சின்னவனுக்கு ஒன்றரை வயசு. முதல் வாரம் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து அழுததில் தெருவே கூடிடுச்சு. ரெண்டாவது வாரம் ஒண்ணு இன்னொண்ணைக் கடிச்சு, அம்மாக்கள் ரெண்டு பேர் மூணு நாள் பேசிக்கலை. அப்புறம் குழு மாதிரியே நோட்டில் விதி எழுதினோம். காய்ச்சல், வயித்துப்போக்கு இருந்தா கூட்டி வரக் கூடாது. தண்ணியும் தின்பண்டமும் அவங்கவங்க கொண்டு வரணும். பார்த்துக்கிற ஆள் அன்னைக்குக் கையில் எந்த வேலையும் எடுக்கக் கூடாது, பூ கூடக் கட்டக் கூடாது. கடிச்சா கடிச்ச பிள்ளையோட அம்மாவைத் திட்டக் கூடாது.

அஞ்சு மாசம் நல்லா நடந்தது. எனக்கு வாரத்தில் நாலு நாள், நாளுக்கு ரெண்டரை மணி நேரம். அந்த அஞ்சு மாசமும் நான் ஒரு ஆர்டரைக் கூடத் திருப்பி அனுப்பலை. ஆனி மாசம் நின்னு போச்சு. திண்ணை கொடுத்த அக்கா வீட்டில் கட்டட வேலை ஆரம்பிச்சாங்க, வேறு திண்ணை கிடைக்கலை. கிடைச்ச இடத்தில் கிணறு திறந்து கிடந்தது. ஆரி போடுற தங்கச்சி அத்தோட வேலையையே விட்டுட்டா. நல்ல கை அது. அவ பிள்ளைக்கு இப்ப ஒரு வயசு நாலு மாசம்.

நம்ம கூட்டமைப்புக் கட்டடம் மாசத்தில் ரெண்டு நாள், பயிற்சி இருந்தா நாலு நாள் திறக்குது. மத்த நாள் பூட்டித்தான் கிடக்குது. ஃபேன் இருக்கு, தண்ணி இருக்கு, கழிப்பறை இருக்கு. வாரத்தில் அஞ்சு நாள் காலை பத்தில் இருந்து ஒரு மணி வரைக்கும் அதைக் கைப்பிள்ளைகளுக்காகத் திறந்து விடணும்னு கேட்கிறேன். முறை வச்சுப் பார்க்கிறது நாங்க பார்த்துக்கிறோம். கூட ஒரு மூத்த உறுப்பினர், வெயிலில் வயல் வேலைக்குப் போக முடியாத அக்கா யாராவது, நிரந்தரமாக இருந்தா நல்லது. பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 10 ரூபாய் போட்டு அவங்களுக்குக் கொடுத்துடலாம்.

"பிள்ளை அடிபட்டா யார் பொறுப்பு?" என்று போன மாதக் கூட்டத்தில் கேட்டாங்க. கேட்க வேண்டிய கேள்விதான். எந்த நாளில் யார் முறைன்னு நோட்டில் கையெழுத்து இருக்கும், அம்மா எல்லாரும் கூப்பிடு தூரத்தில் இருப்பாங்க. இப்ப அந்தப் பிள்ளை தையல் மிஷினுக்குக் கீழே உட்கார்ந்திருக்கே, அங்கே அடிபட்டா யார் பொறுப்பு? "உன் பிள்ளைக்காகக் கேட்கிறே" என்றும் ஒருத்தர் சொன்னாங்க. என் பிள்ளை அங்கன்வாடிக்குப் போயிட்டான், எனக்கு இனி அந்த அறை தேவைப்படாது. அதனால்தான் கூச்சம் இல்லாமல் கேட்க முடியுது. நம்ம கூட்டமைப்பில் ரெண்டு வயசுக்குக் கீழே பிள்ளை இருக்கிற உறுப்பினர்களை வீடு வீடாகப் போய் எழுதினேன், பத்தொன்பது பேர். அதில் பதிமூணு பேர் கையில் ஏதோ ஒரு தொழில் வச்சிருக்காங்க, அல்லது வச்சிருந்தாங்க. அந்தப் பட்டியலைத் தலைவி அக்காவிடம் கொடுத்திருக்கேன்.

கட்டடத்து வாசலில் நாலு படி இருக்கு, அதுக்கு மேலே ஒரு குட்டைக் கதவு போடணும். அதே தச்சர்தான், 1,800 ரூபாய் கேட்கிறார். எங்க தெரு அஞ்சு பேரும் ஆளுக்கு 100 போட்டு 500 சேர்த்து வச்சிருக்கோம். சுவரில் படம் நான் வரைஞ்சு தர்றேன், அதுக்கு மட்டும் கூலி வேணாம், பெயிண்டு வாங்கிக் கொடுத்தா போதும். தீர்மானம் வர்ற பத்தாம் தேதி கூட்டத்துக்கு வருது. பிரதிநிதிகள் எல்லாரும் அவங்கவங்க குழுவில் கேட்டுட்டு வாங்க. பட்டியலில் விட்டுப்போன பேர் இருந்தா, கூட்டம் முடிஞ்சதும் நான் அந்த வேப்ப மரத்தடியில் நோட்டோட இருப்பேன், வந்து சொல்லுங்க.